கோல் காத்த மொட்டை

எங்கள் தோட்டத்துச் சிறுவர் ஹாக்கிக் குழுவின் சரித்திரத்தைச் சொல்லி முடிக்க அரைப் பக்கம் போதும். எழுபதுகளின் நடுவில் தோன்றியது. ஒன்றரை வருடம் ஆடியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட ஆரம்பித்ததும் ஆட்டக்காரர்களின் குடும்பங்களோடு சேர்ந்து கலைந்தும் போனது. பாதிப் பேர் ஈப்போ புந்தோங்குக்கும், சிலர் கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும், ஒரு குடும்பம் மட்டும் ஏனோ பாரிட் புந்தாருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கோப்பை எதுவும் வாங்கவில்லை. வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம்கூட ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தச் சரித்திரத்தில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அதற்கு மட்டும் அரைப் பக்கம் போதாது.

குழுவை ஆரம்பித்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. தோட்டத்துப் புகைக்கூடத்தில் அவருக்கு வேலை. உறைந்த பாலை உருளையில் அழுத்தி எடுத்த ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்துப் புகை போடுவார். அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே புகை வாசனை வந்து அவர் வருகையைச் சொல்லிவிடும். ஒரு நாள் பல் பிடுங்குவதற்காக ஈப்போவுக்குப் போனவர், பாடாங் மைதானத்தில் நடந்துகொண்டிருந்த ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். பல்லைப் பிடுங்காமலே திரும்பி வந்து, நம் தோட்டத்துப் பையன்களுக்கு ஹாக்கி பழக்கப் போகிறேன் என்று அறிவித்தார். அந்தப் பல் அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அவர் வாயிலேயே இருந்தது.

நகரத்துப் பள்ளியொன்று கழித்துப்போட்ட விரிசல் விட்ட மட்டைகள் ஆறு கிடைத்தன. மீதியைச் சித்தப்பா கொய்யாக் கிளைகளைப் புகைக்கூடத்துச் சூட்டில் வளைத்துத் தயாரித்தார். திடல் என்று நாங்கள் சொன்னது, மாரியம்மன் கோயிலுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் நடுவில் சரிந்து கிடந்த புல்தரை. ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் ஆயாக்கொட்டகை. மாடுகளுக்கும் அந்தத் திடலில் எங்களைவிட மூத்த உரிமை இருந்தது. பந்து ஓர் அடி நேராக ஓடாது. குளம்புக் குழியில் விழுந்து எகிறும், வேரில் பட்டுத் திரும்பும். எங்கள் பையன்கள் பந்து வரும்போதே மட்டையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அதுதான் ஹாக்கியின் முறை என்று அவர்களும் நினைத்தார்கள், சித்தப்பாவும் நினைத்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பெண் பிள்ளை என்பதால் எனக்குத் தரப்பட்ட பதவி, கால்வாயில் விழும் பந்தை எடுத்து வருவது. கோல் காக்க குணா என்று ஒருவன் இருந்தான். அவன் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் வருவான். அவன் வரும்வரை கோல் சும்மா கிடக்க வேண்டாமே என்று சித்தப்பா என்னை நிறுத்தினார். நின்ற முதல் நாளே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பந்து நேராக வரும்போது மற்றவர்கள் கண்ணை மூடினார்கள், எனக்கு மூடத் தோன்றவில்லை. வந்தால் வரட்டும் என்று எதிரே போய்விடுவேன். கொஞ்ச நாளில் குணாவே வேண்டுமென்று ஆடுகளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தான்.

அம்மாவுக்கு இது கண்ணில் உறுத்தியது. சாயங்காலம் தலையில் விறகுக் கட்டோடு திடல் ஓரமாக வருவாள். யாராவது என்னை நோக்கிப் பந்தை அடித்து, நான் அதைத் தடுக்கும்வரை நின்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவாள். பொட்டப் புள்ளைக்கு என்ன கட்டையடி, நாளைக்குக் கால் முறிஞ்சா எவன் கட்டிக்குவான், ஒங்க சித்தப்பனுக்குத்தான் புத்தி இல்ல, ஒனக்குமா என்று அடுக்கிக்கொண்டே போவாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு நேரம் அங்கே நிற்கிறாள் என்று நான் உறுதியாக நம்பினேன். திட்டிக்கொண்டே என் தலையை விரித்துப் போட்டு எண்ணெய் வைப்பாள். இடுப்பைத் தொடும் முடி எனக்கு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் அவ்வளவு கிடையாது. விடியுமுன் பால்மரத்துக்குப் போகிறவள், அதற்கும் முன்பே எழுந்து எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுத்தான் போவாள். அவள் வாழ்க்கையில் வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் என் தலைமுடிதான் என்று சொன்னால் மிகையில்லை.

கோல் காப்பவனுக்குக் காலில் கட்டக் காப்பு வேண்டும். கடையில் வாங்க வழியில்லை. குமிழ் விழுந்து கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டுகளைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி வாங்கி, நாலு நாலாக அடுக்கி, காலின் அளவுக்கு வெட்டிக் கயிறு கோத்தார் சித்தப்பா. அதில் இரண்டு சங்கடம் இருந்தது. ஒன்று, ரப்பர் அல்லவா, பட்ட பந்து பட்ட வேகத்திலேயே பறந்து போகும். முதலில் அது எதிராளியிடமே போய் விழுந்து மானத்தை வாங்கியது. காலைச் சற்றுத் திருப்பி வைத்தால் பந்து நம் ஆள் பக்கம் போகும் என்று கண்டுபிடித்த பிறகு அதுவே எங்கள் பலமாகிவிட்டது. இன்னொரு சங்கடத்துக்கு மருந்து முகப் பவுடர்தான். வெயில் ஏறினால் ஷீட்டு இளகி, இரண்டு காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பவுடரைத் தாராளமாகத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈப்போவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ஒருநாள் போட்டி நடக்கப் போவதாகச் செய்தி வந்தது. சித்தப்பா பெயர்ப் பட்டியலையும் பிறப்புச் சான்றான சூராட்டுகளின் நகல்களையும் அனுப்பி வைத்தார். பதினோரு பேர் கட்டாயம் வர வேண்டும், ஓர் ஆள் குறைந்தாலும் குழுவை நீக்கிவிடுவார்கள் என்று பதில் வந்தது. எங்களிடம் சரியாகப் பதினோரு பேர்தான் இருந்தார்கள். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது குணாவின் அப்பாவுக்குக் கமுந்திங் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்தில் மிச்சம் இருந்த பையன்கள் என் அண்ணனைப் போலப் பதினாலு வயதைத் தாண்டியவர்கள், அல்லது மூக்கு ஒழுகும் வாண்டுகள்.

நான் நிக்கிறேன் சித்தப்பா என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பின்னலைப் பிடித்து லேசாகத் தூக்கிக் காட்டினார்.

"இத எங்கம்மா ஒளிச்சு வைக்கிறது?"

முடியை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, உங்கப்பா என்னை வெட்டிவிடுவார் என்றார். உண்மைதான். வயசுக்கு வரப் போகிற பெண்ணின் முடியைப் பந்தாட்டத்துக்காக வெட்டினார்கள் என்றால் வீட்டில் மட்டுமல்ல, லயம் முழுக்கச் சிரித்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். ஒருமுறையாவது நிஜமான கோலில் நிற்க வேண்டும் என்று இருந்தது, அதுவும் போய்விட்டது, குழுவே ஈப்போவுக்குப் போகாது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. பொறுக்கினதையே திரும்பப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, பசியாறிக்கொண்டிருந்த அப்பாவிடம் அம்மா ஒரு விஷயம் சொன்னாள். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைப்பேனா என்று இருந்ததாம். அப்போது மாரியம்மனுக்கு என் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டாளாம். காலப்போக்கில் மறந்தே போனதாம். முந்தின நாள் கனவில் அம்மன் வந்து, எனக்குத் தர வேண்டியதை ஏன்டி நீ எண்ணெய் வச்சு வளக்கிற என்று கேட்டாளாம். அப்பா ஊர் விஷயத்தில் எல்லாம் அபிப்பிராயம் சொல்வார், சாமி விஷயத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டார். கையைக் கழுவிக்கொண்டே வர்ற வெள்ளிக்கிழமையே எடுத்துடு என்றார்.

நான் தரையில் புரண்டேன். ஹாக்கிக்குப் போனதற்குத் தண்டனை என்றேன். மாரியம்மனை என்னென்னவோ சொன்னேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கோயில் கிணற்றடியில் உட்கார வைத்தார்கள். கத்தி படும் என்று அம்மா என் தோட்டைக் கழற்றி முடிந்துகொண்டாள். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். பக்தி என்று நினைத்துக்கொண்டேன், எரிச்சல் இன்னும் அதிகமானது.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நான் வாசலில் உம்மென்று உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தப்பா வந்தார். என்னைப் பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு முறை பார்த்தார். அவர் முகத்தில் புகைக்கூடத்துக்குத் தீ வைத்தது போல ஒரு வெளிச்சம். என்னை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மனே வழி விட்டுட்டா. ஒங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்றாத."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கூட்டுக் களவாணிகள் ஆனோம். ஈப்போவில் நான் குணா. சூராட்டிலும் குணா, பட்டியலிலும் குணா. எல்லாப் பையன்களும் என்னை அப்படியே கூப்பிட வேண்டும் என்று சித்தப்பா சத்தியம் வாங்கினார். பதினோரு பேரும் வாயை மூடினால் போதும் என்றார். அம்மாவிடம் ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அனுமதி கேட்டேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்துப் பதில்களெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"போய்ப் பாரு. மொட்டத் தலைய வச்சுக்கிட்டு வீட்டுல ஒக்காந்து என்ன செய்யப் போற."

அண்ணனுடைய பழைய காக்கிக் கால்சட்டையையும் சட்டையையும் எடுத்துப் போட்டாள். மொட்டைத் தலைக்குப் பாவாடை நன்றாக இல்லையாம். தோட்டைக் கேட்டேன், காது புண்ணாக இருக்கிறது, பிறகு போடலாம் என்றாள். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று எனக்கு அம்மாவின் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை தோட்டத்து லாரி பால் ஏற்றப் போய்விட்டது. எங்கள் கடைக்கு ஐஸ் கட்டி கொண்டுவரும் சீனருடைய லாரி காலியாகத் திரும்பும். அதில் ஏறிக்கொண்டோம். மரத்தூள் ஒட்டிய ஈரச் சாக்குகளின் மேல் பதினோரு பேரும் உட்கார்ந்து, ஈப்போ வந்து சேர்ந்தபோது எல்லாருடைய கால்சட்டையின் பின்புறமும் நனைந்திருந்தது. எதிர்க்குழுப் பையன்கள் வெள்ளைக் காலணியோடு வரிசையாக நின்றார்கள். எங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நடுவர் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபிப் பெரியவர். ஒவ்வொரு பெயராகப் படித்தார். குணா என்றதும் கையைத் தூக்கினேன். என் தலையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். கோயில் வேண்டுதல் என்றார் சித்தப்பா. அது ஒன்றுதான் அன்று அவர் வாயிலிருந்து வந்த உண்மை என்று அவரே நினைத்திருப்பார்.

ஆட்டம் ஆரம்பித்ததும் எங்களுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக் கூடாது. அந்தத் திடல் பாய் விரித்தது போலச் சமமாக இருந்தது. பந்து எகிறவே இல்லை. எங்கள் பையன்கள் பழக்கப்படி மட்டையைத் தூக்கித் தூக்கிப் பிடித்தார்கள். பந்து சாதுவாக அடியில் புகுந்து போய்க்கொண்டே இருந்தது. வராத குழிக்காகப் பத்துப் பேரும் எம்பி எம்பிக் குதிப்பதைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு கோல் விழுந்தது. மட்டைய கீழ வைங்கடா, இங்க மாடு இல்ல என்று சித்தப்பா கத்திய பிறகுதான் ஆட்டம் ஒரு நிலைக்கு வந்தது. அடுத்து அவர்கள் அடித்த பந்து என் வலது காலில் பட்டு, ரப்பர் வேலையைக் காட்ட, நடுக்கோடு வரை பறந்தது. எங்கள் முன்வரிசைக்காரன் அதை விரட்டிக்கொண்டு போய் உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று.

இரண்டாம் பாதியில் வெயில் மண்டையைப் பிளந்தது. என் விஷயத்தில் அது வெறும் பேச்சில்லை, மேலே ஒன்றுமே இல்லை. கால்காப்பு இளகத் தொடங்கியது. பவுடர் டப்பா எங்கே என்று பார்த்தால், அது ஐஸ் லாரியோடு போய்விட்டது. முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் சர்ரென்று சத்தம் வந்தது, விட்டால் மறுபடி ஒட்டியது. அந்த நேரத்தில்தான் இடது பக்கமாக ஒரு பந்து வந்தது. காலை நீட்டப் பார்த்தேன், இரண்டு காலும் சேர்ந்து வந்தன. மரம் போலச் சாய்ந்தேன். பந்து உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று.

பின்னால் ஆடிக்கொண்டிருந்தவன் அந்தோணி, எட்டு வயது, குழுவிலேயே கடைக்குட்டி. லயத்தில் பக்கத்து வீடு. பிறந்ததிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவனில்லை, கூப்பிட்டால் அவன் அம்மா வாயிலேயே போடுவாள். நான் விழுந்ததும் ஓடி வந்தான். வாங்கிய சத்தியமெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது.

"யக்கா, அடி பட்டிருச்சா யக்கா?"

நடுவர் விசில் ஊதினார். முடிந்தது, பதினோரு பேரையும் நீக்கிவிடப் போகிறார்கள், என்னால்தான் என்று நினைத்தேன். அவர் நடந்து வந்து என் எதிரில் நின்றார். சித்தப்பா கரையில் தலையில் கை வைத்துவிட்டார். பெரியவர் அந்தோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலைப்பாகையை ஒருமுறை சரிசெய்துகொண்டார். தோட்டத்து ஸ்டேஷன்களில் இருந்து பழகிய தமிழில் பேசினார்.

"கீப்பர் காலு ஒட்டிக்கிச்சு. பவுடர் யார்கிட்ட இருக்கு? சீக்கிரம் லா."

எதிர்க்குழுவோடு வந்திருந்த தமிழ் டீச்சர், கழுத்தில் சிலுவை போட்டவர், கைப்பையிலிருந்து தன் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அவரே குனிந்து என் கால்களுக்கு நடுவில் தாராளமாகக் கொட்டினார். என் தலையை லேசாகத் தடவிவிட்டு, பயப்படாம நில்லு என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவருக்குக் காது மந்தம், டீச்சருக்குக் கண் மந்தம், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு ஷார்ட் கார்னர் கிடைத்தது. அவர்களில் உயரமானவன் ஓங்கி அடித்தான். நான் கண்ணை மூடவில்லை. எதிரே பாய்ந்தேன். பந்து இடது காலில் பட்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் பறந்தது. அதைத் துரத்திக்கொண்டு எங்கள் பத்துப் பேரும் ஓடினார்கள், பின்னால் நிற்க வேண்டியவர்களும் சேர்ந்தே ஓடினார்கள். யார் மட்டை பட்டது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. பந்து உள்ளே போனதில் தகராறு இல்லை. இரண்டுக்கு இரண்டு, விசில். எங்கள் குழு தோற்காமல் திரும்பிய முதல் ஆட்டம் அது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கினார், கால்காப்பு அவர் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியதைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

சாயங்காலம் பையன்கள் கோல் கணக்கை லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தண்ணீர் ஊற்றிவிட்டாள். முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள். லாரியில் ஏறும்போது இடித்துக்கொண்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"ரெண்டாவது கோலு எந்தப் பக்கம் விட்ட?"

"இடது பக்கம்மா. காலு ஒட்டிக்கிச்சு."

"ம். நல்ல வெயிலு" என்றாள்.

ஆட்டம் பார்க்கப் போன பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தைலம் இதமாக இருந்தது, பசித்தது, சோறு தின்றேன். அதற்கப்புறம் என் முடி தோளைத் தாண்ட அவள் விடவே இல்லை. பேன் என்று சொல்லி வெட்டிவிடுவாள். ஈப்போவில் இடைநிலைப் பள்ளிக்குப் போய், பெண்கள் குழுவில் ஆறு வருடம் கோல் காத்தேன். அங்கே எவளுக்கும் இல்லாத பேன் எனக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் மகளுக்கு முதல் முடி எடுத்த அன்றுதான் அம்மா சொன்னாள். மஞ்சள்காமாலை வந்தது எனக்கில்லை, அண்ணனுக்கு. எந்தப் பிள்ளைக்கு எந்த நோய் வந்தது என்பது அப்பாவுக்கு என்றுமே நினைவில் நின்றதில்லை. அவனுக்கு அப்போதே முடி எடுத்தாகிவிட்டது. சித்தப்பாவுக்கும் கடைசிவரை தெரியாது, தன் மூளையால்தான் எல்லாம் நடந்தது என்று அவர் பெருமையடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அம்மன் பேரில் பொய் சொல்லப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "மொதல்லயே அவகிட்ட கேட்டுக்கிட்டேன். அவளும் பொம்பளதானே" என்றாள்.

ஆனால் ஈப்போ ஆட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. பூசைக்கு அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனசு குறுகுறுத்தது. புனிதமான வேண்டுதல் மொட்டையை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றிக் கட்டையடி ஆடிவிட்டேனே, பாவம், பெற்றவளையும் ஏமாற்றிவிட்டேனே என்று இருந்தது. இரண்டு கையையும் இறுக்கிக் கூப்பி, தாயே, என்னை மன்னித்துவிடு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று மனமுருக வேண்டினேன். அப்படி ஒரு வேண்டுதலே இல்லை என்று தெரிந்தவர்கள் அந்தக் கோயிலில் இரண்டே பேர். ஒருத்தி உள்ளே கற்பூர வெளிச்சத்தில் இருந்தாள். இன்னொருத்தி என் பக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.